நூல் நிலையமா, படிப்பகமா?

வணக்கம் நண்பரே. சேலம் அம்மாபேட்டையில் வீட்டு முன்னறையில் 200 புத்தகங்களோடு தொடங்கும் இடத்துக்கு ‘நூல் நிலையம்’ என்று பலகை வைத்தால், தறிக்காரர்கள் பாவு நூல் கேட்டு வருவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். வரலாம், தறி ஓடும் தெருவாயிற்றே. ஆனாலும் ‘நூல்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நன்னூல் பாயிரமே சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் காட்டுகிறது. உங்கள் தெருவுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? லைப்ரரிக்கும் வேர் ‘லிபெர்’ என்ற லத்தீன் சொல்தான், மரத்தின் உட்பட்டை என்று பொருள்; நம் ‘நூல்’ போலவே அதுவும் புத்தகத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. (பிரெஞ்சில் ‘லிப்ரேரி’ என்றால் புத்தகக் கடை!)

சரி, பலகைக்கு வருவோம். உட்கார்ந்து வாசிக்க மட்டும் என்றால் ‘படிப்பகம்’ போதும். வீட்டுக்கும் கொடுத்தனுப்புவீர்கள் என்றால் ‘நூலகம்’ என்றே எழுதி, கீழே ‘புத்தகம் இரவல் கிடைக்கும்’ என்று சேர்த்துவிடுங்கள்.