அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், ஓவர்டன் பூங்காவில் இருக்கும் பழங்காட்டைப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதுமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

போதும். ஆனால் பெரிய மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் அரைமணி நேரமே அதிகம். காட்டின் வயதைச் சொல்லும் அடையாளங்களில் பாதி தரையில்தான் கிடக்கின்றன.

தரையைக் குனிந்து பாருங்கள். ஒரு பள்ளமும் அதை ஒட்டி ஒரு மேடும் தெரிந்தால், எப்போதோ ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்த இடம் அது. மரம் மட்கிப் போயிருக்கும், மேடு நிற்கும். உழுத நிலத்தில் இது மிஞ்சாது. அடுத்து, மரங்களின் வயது. எல்லாம் ஒரே பருமனில் நின்றால் அது வெட்டியபின் முளைத்த காடு. இங்கே ஓக், ஹிக்கரி, துலிப் பாப்லர் ஆகியவற்றில் முதுமரமும் கன்றும் கலந்து நிற்கும். பட்டமரங்களையும் விழுந்த கட்டைகளையும் அகற்றாமல் விட்டிருப்பது பராமரிப்புக் குறை அல்ல. மரங்கொத்திக்கும் காளானுக்கும் அதுதான் வீடு.

இந்த 126 ஏக்கர் தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம். ஐ-40 நெடுஞ்சாலையைப் பூங்காவின் குறுக்கே போடத் திட்டமிட்டார்கள். ஊர்க்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னர் அந்தப் பாதையே கைவிடப்பட்டது. 2011-ல் டென்னசி மாநிலம் இதை இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அதனால் செடி, பூ, காளான் எதையும் பறிக்கக் கூடாது.

போக நல்ல காலம் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை. மேலே இலை மூடுவதற்குள் கிடைக்கும் வெயிலில்தான் தரைப்பூக்கள் பூத்து முடிக்கும். ஏப்ரல் பிற்பாதியில் வலசைப் பறவைகள் வரும். அவற்றுக்கு விடிந்ததும் போக வேண்டும், தொலைநோக்கி அவசியம். துலிப் பாப்லர் பூ உச்சியில் பூப்பதால் கண்ணுக்கு எட்டாது. பாதையில் ஆரஞ்சுப் பட்டை போட்ட இதழ் கிடந்தால் தலைக்கு மேல் அந்த மரம் இருக்கிறது. கோடையில் கொசு படுத்திவிடும்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். இங்குள்ள மண் காற்று கொண்டுவந்து குவித்த லோயஸ் வண்டல். மாவுபோல் மென்மையானது, மிதித்தால் இறுகும், மழையில் அரித்து ஓடும். இறுகிய மண்ணில் விதை வேர்விடாது. ஒருவர் ஒதுங்கி நடந்த தடத்தில் அடுத்தவரும் நடப்பார், அது பாதையாகிவிடும். காட்டுக்குள் செல்லும் பழைய தார்ச்சாலைகளில் மோட்டார் வண்டி கிடையாது என்பதால் குழந்தைகளோடு தாராளமாக நடக்கலாம்.

ஓரத்தில், தொட்டால் தோல் அரிக்கும் பாய்சன் ஐவி என்ற கொடி நிறைய. மூன்று இலைக்கூறு, நடுக்கூறுக்கு மட்டும் நீண்ட காம்பு. மரத்தில் ஏறிய தண்டில் மயிர்போல் வேர்கள் படர்ந்திருக்கும். ஐந்து கூறு இருந்தால் அது வேறு கொடி. இலையுதிர்ந்த குளிர்காலத்திலும் தண்டைத் தொட்டால் அரிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் கழுவுங்கள். செருப்பு, நாய்க்கயிறு ஆகியவற்றிலும் அந்தக் கொடியின் அரிப்பூட்டும் எண்ணெய் ஒட்டியிருக்கும். முழுநீளக் கால்சட்டை அணிந்து, வீடு திரும்பியதும் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் தேடிப் பாருங்கள்.

பலத்த காற்று அடிக்கும் நாளிலும் புயலுக்கு அடுத்த நாளிலும் உள்ளே போக வேண்டாம். முறிந்து மேலேயே தொங்கும் கிளை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.