டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை அமைப்பை ஓர் அடைவுக்குள் உருவாக்கும் டெபூட்ஸ்ட்ராப் (debootstrap) கருவி மூலம் அதை நிறுவும்போது, பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) எந்த வரிசையில் கட்டமைக்கப்படுகின்றன? எந்தப் பொதிக்கு எது தேவை என்ற சார்புகளைப் பார்த்து, பொதிகளை நிறுவும் டிபிகேஜியே (dpkg) முடிவு செய்கிறதா?

கடைசிக் கட்டத்தில் ஆமாம். தொடக்கத்தில் இல்லை. முதல் சில பொதிகளின் வரிசை டெபூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்டிலேயே கையால் எழுதப்பட்டிருக்கிறது.

டிபிகேஜி ஓட, அடிப்படைச் சி நூலகமான லிப்சி (libc) வேண்டும். லிப்சியை முறையாக நிறுவ டிபிகேஜி வேண்டும். அதனால் அத்தியாவசியப் பொதிகளின் கோப்புகளை முதலில் டிபிகேஜி இல்லாமலே பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எந்தப் பொதியின் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டும் (பொதியைக் கட்டமைக்க ஓடும் ஸ்கிரிப்ட்) ஓடியிருக்காது. பிறகு சிரூட்டுக்குள் (இலக்கு அடைவையே வேர் அடைவாகக் கொண்ட சூழல்) பேஸ்-பாஸ்வேர்ட், பேஸ்-ஃபைல்ஸ், டிபிகேஜி, லிப்சி6, பெர்ல்-பேஸ், மாக் என ஒவ்வொன்றாக நிறுவப்படும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பேஸ்-ஃபைல்ஸின் போஸ்ட்இன்ஸ்ட் சில அடைவுகளை ஸ்டாஃப், மெயில் குழுக்களின் பெயரில் மாற்றுகிறது. அந்தப் பெயர்கள் இருக்கும் குழுக் கோப்பை உருவாக்குவது பேஸ்-பாஸ்வேர்ட். ஆக, அது முந்தியே தீரவேண்டும். பேஸ்-ஃபைல்ஸுக்கு ஆக் (awk) என்ற உரை செயலாக்க நிரலும் முன்கூட்டியே தேவை. ஆனால் ஆக் என்ற பெயரில் இணைப்பை ஏற்படுத்துவது, ஆக்கின் ஒரு வடிவமான மாக்கின் (mawk) போஸ்ட்இன்ஸ்ட். அது இன்னும் ஓடவில்லை. எனவே ஸ்கிரிப்ட் தானே ஒரு தற்காலிக இணைப்பைப் போட்டு, மாக்கின் முறை வரும்போது நீக்கிவிடுகிறது. டெபூட்ஸ்ட்ராப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அதன்பின் மீதி அத்தியாவசியப் பொதிகள் எல்லாம் மொத்தமாக அன்பேக் ஆகி (கோப்புகள் பிரித்துவைக்கப்பட்டு), மொத்தமாகக் கட்டமைக்கப்படும். இதோடு தொடர்புடைய ஒரு விதி டெபியன் கொள்கை ஆவணத்தில் உண்டு: எசென்ஷியல் எனக் குறிக்கப்பட்ட பொதி, ஒருமுறை கட்டமைக்கப்பட்ட பிறகு, அன்பேக் ஆன நிலையிலும் தன் முக்கிய வேலையைச் செய்ய வேண்டும். கட்டமைக்கும்போது வரிசை போடுவது டிபிகேஜிதான். பொதிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் சுற்றுச் சார்பு வந்தால், போஸ்ட்இன்ஸ்ட் இல்லாத பொதியிடத்தில் சுற்றை உடைக்கும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. சொந்தமாகப் பொதி செய்பவர்கள் இதை அவசியம் மனத்தில் வைக்க வேண்டும். இந்தக் கட்டம் முழுக்க, சேவைகள் தொடங்காமலிருக்க, அவற்றைத் தொடங்கும் ஸ்டார்ட்-ஸ்டாப்-டெமன் இடத்தில் ஒன்றும் செய்யாத போலி நிரல் உட்கார்ந்திருக்கும்.

வேறு செயலி வகையுள்ள கணினிக்கு ஃபாரின் (--foreign) தெரிவுடன் செய்தால், பொதிகளைக் கட்டமைக்கும் வேலை முழுவதும் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிப்போகும், வரிசை மாறாது. இடையில் நின்றுவிட்டால், இலக்கு அடைவுக்குள் டெபூட்ஸ்ட்ராப் கோப்புறையில் இருக்கும் லாக் கோப்பைத் திறந்து, முதலில் தோற்ற போஸ்ட்இன்ஸ்ட் எது என்று தேடுங்கள். கீழே நீளமாக வரும் பிழைகளில் பெரும்பாலானவை அதன் தொடர்ச்சியாகத்தான் இருக்கும்.