அன்னம்மாளும் ஹன்னாவும்

கேள்வி: என் அம்மிச்சியின் ஞானஸ்நானப் பெயர் அன்னம்மாள். அவர் நினைவாக எங்கள் மகளுக்கு 'ஹன்னா' என்று பெயரிட விரும்புகிறோம். இரண்டும் ஒரே பெயர்தானா? சோற்றைக் குறிக்கும் 'அன்னம்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்கிறார் என் மாமியார்.
– வாசகி, தாராபுரம்

பதில்: ஞானஸ்நானப் பெயர் என்பதால் இரண்டும் ஒன்றே. மாமியார் சொல்லும் 'அன்னம்' வடசொல். கிறிஸ்தவர் அல்லாத கொங்கு வீடுகளிலும் அன்னம்மாள் என்ற பெயர் உண்டு. அங்கே அவர் விளக்கம் பொருந்தும். ஒலி ஒத்துப்போனாலும் வேர் வேறு.

'ஹன்னா' என்பது இரங்குதல், அருளுதல் என்று பொருள்படும் எபிரேய வேரிலிருந்து பிறந்தது. யோவான் என்ற பெயரின் மூலமான 'யோகனான்' என்பதிலும் இதே வேர்தான் இருக்கிறது. அதன் பொருளறிந்துதான் தமிழ்க் கத்தோலிக்கர் யோவானை அருளப்பர் என்று அழைத்தார்கள். அப்படிப் பொருளைப் பெயர்த்திருந்தால் உங்கள் அம்மிச்சியும் அருளாயி ஆகியிருப்பார் என்று எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இங்கே பொருளை விட்டு ஒலியைப் பெயர்த்தார்கள். தொண்டையிலிருந்து எழும் முதல் ஒலி கிரேக்கத்தில் மறைந்து 'அன்னா' ஆனது. தமிழ் வேதாகமம் சாராள், மரியாள் போல 'ஆள்' சேர்த்து 'அன்னாள்' என்றது. கத்தோலிக்க வழக்கில் அது அன்னம்மாள் ஆயிற்று.

இப்பெயருக்குரிய முதல் பெண், வேதாகமத்தில் வரும் தீர்க்கதரிசி சாமுவேலின் தாய். பிள்ளையில்லாத ஏக்கத்தோடு சீலோ ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய, குரல் வெளிவராமல் அவர் மன்றாடியதைக் கண்ட குரு ஏலி, அவர் குடித்திருக்கிறார் என்றே நினைத்துவிட்டார். ஆனால் பிற்கால யூத அறிஞர்கள் ஜெபிக்கும் முறையையே அந்த அசையும் உதடுகளிலிருந்து கற்பித்தார்கள். யூதர்களின் புத்தாண்டு நாளில் இன்றும் அவர் கதை வாசிக்கப்படுகிறது. நேர்ந்துகொண்டபடி மகனை ஆலயத்தில் விட்ட பிறகு, ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துச் சென்றார் என்கிறது வேதாகமம். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று தொலைவிலிருந்தே கணித்துத் தைத்த அந்தக் கைகளை என்னால் மறக்க முடிவதில்லை.

அம்மிச்சிக்கு இப்பெயர் வந்தது பெரும்பாலும் மரியாளின் தாயான புனித அன்னம்மாளை முன்னிட்டே இருக்கும். திருநாள் ஜூலை 26. நான்கு நற்செய்திகளிலும் மரியாளின் தாயைப் பற்றிப் பேச்சே இல்லை. 2ஆம் நூற்றாண்டு நூலொன்றே பிள்ளையில்லாமல் வருந்திய அந்தத் தாய்க்கு அன்னா என்ற பெயரைத் தருகிறது. சாமுவேலின் தாயின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது.

பிறப்புச் சான்றிதழில் 'ஹன்னா' என்றே எழுதுங்கள். வீட்டில் 'அன்னம்' என்று கூப்பிட்டால் மாமியாருக்கும் நிறைவாக இருக்கும்.