புதிய கயாக்கின் உள்ளே தண்ணீர் சேர்வது ஏன்? அதை எப்படிச் சரிசெய்வது?

கைப்பிடி, கால்தாங்கி, வடிகால் அடைப்பான் போன்றவற்றைப் பொருத்துவதற்காகக் கயாக்கின் (துடுப்பால் செலுத்தும் குறுகலான சிறு படகின்) உடலில் துளையிட்டு, திருகாணியோ ரிவெட்டோ (திருகிக் கழற்ற முடியாத உலோக ஆணியோ) இறுக்கப்படுகிறது. புதிய கயாக்கில் கசிவு இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இந்த இணைப்புகளே. பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்காலான உடல் வெயிலில் எஃகுத் திருகாணியைவிடப் பல மடங்கு விரிந்து, குளிரில் மீண்டும் சுருங்குவதால், நாளடைவில் பிடிமானம் தளர்ந்து, இடையிலுள்ள ரப்பர் வாஷரின் அழுத்தம் குறைகிறது. வாஷர் சரியாக அமராத வீட்டுக் குழாய் சொட்டுவதைப் போன்றதுதான் இது.

கயாக்கைத் தாங்கிகள்மேல் வைத்து, வெளிப்புறத்தை நன்கு துடைத்த பின், உள்ளே சில லிட்டர் தண்ணீர் ஊற்றி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பழுதான இணைப்பில் திருகாணித் தலையின் விளிம்பில் சிறு நீர்மணி திரண்டு நிற்கும். முழுவதும் நிரப்ப வேண்டாம், ஏனெனில் லிட்டருக்கு ஒரு கிலோ எடை ஏறி உடல் நெளியக்கூடும்.

கசியும் திருகாணியைக் கழற்றி, துளையைச் சுத்தம் செய்து உலரவிட்டு, புதிய வாஷரோ பியூட்டைல் நாடாவோ (ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் நாடாவோ) வைத்து, கைத்திருப்புளியால் மட்டும் இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் வாஷர் பிதுங்கிக் கசிவு அதிகமாகும். ரிவெட்டாக இருந்தால் அதைத் துளையிட்டு அகற்றிப் புதியது பொருத்த வேண்டும். உத்தரவாதக் காலத்தில் இதை விற்பனையாளரிடம் விடுவதே நல்லது.

வெளியே சிலிக்கான் பூசினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பாலிஎதிலீனில் அது உறுதியாக ஒட்டாததால் சீக்கிரமே உரிந்து வந்துவிடும்.