சங்கம் எங்கே இருக்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தேவாலயத்தில் வளர்ந்தவன். ஆதிப் பாவம், நித்திய நரகம், எங்கள் வழியில் வராதவருக்கு மீட்பில்லை என்பது எதையும் இன்று என்னால் நம்ப முடியவில்லை. மலைப்பிரசங்கத்தின் இயேசுவை விடவும் முடியவில்லை. சில ஆண்டுகளாக விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியானம் செய்கிறேன். எந்தப் பிரசங்கமும் தராத தெளிவை அது தந்தது. ஆனால் சபையில் தியானம் என்றால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், தியானக் குழுவில் ஜெபம் என்றால் நெளிகிறார்கள். அந்தக் குழுவும் இப்போது தேய்ந்து வருகிறது. அதை நடத்திவந்த பெரியவர் உடம்பு சரியில்லாமல் இரண்டு மாதமாக வருவதில்லை. முற்போக்கான கிறிஸ்தவமும் பௌத்தமும் இணைந்த ஓர் ஆன்மிகச் சமூகம் எங்காவது இருக்கிறதா? இரண்டிலும் இருப்பது நேர்மையின்மையா? அண்மையில் பிறந்த எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநய பிடகத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். 'எங்காவது இருக்கிறதா' என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. முகவரி கேட்க எழுத்தாளன் எதற்கு?

இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். சொல்லிவிடுகிறேன். ஏசு சபைப் பாதிரியாரான ஆமா சாமி கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் 1996இல் தொடங்கிய போதி ஜெண்டோ என்ற ஜென் தியானக்கூடம் இருக்கிறது. அமெரிக்காவின் டல்லஸில் ரூபன் ஹபிட்டோ 1991இல் தொடங்கிய மரியா கன்னோன் ஜென் மையம் இருக்கிறது. பிரான்ஸில் வியட்நாமிய பௌத்தத் துறவி திக் நியட் ஹான் 1982இல் தொடங்கிய பிளம் கிராமமும் அதைச் சார்ந்த குழுக்களும் பல நாடுகளில் உள்ளன. தன் பூசை மேடையில் புத்தர் படத்தோடு இயேசு படத்தையும் வைத்திருப்பதாக எழுதியவர் அவர். இலங்கையில் களனியில் ஏசு சபைப் பாதிரியார் அலோசியஸ் பீரிஸ் 1974இல் நிறுவிய துலானா ஆய்வு மையம். ஜெபம் என்ற சொல்லுக்கு நெளியாமல் மௌனமாக உட்கார வேண்டும் என்றால் மௌனத்தையே வழிபாடாகக் கொண்ட குவேக்கர்களின் கூட்டம், அல்லது பெனடிக்டின் துறவி ஜான் மெயின் வழியில் வந்த கிறிஸ்தவ தியானக் குழுக்கள். கோட்பாடே வேண்டாம் என்றால் யூனிட்டேரியன் யுனிவர்சலிஸ்ட் சபைகள். அவர்களுக்குள் பௌத்தர்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பு உண்டு. ஆயிற்றா? உங்கள் முதல் கேள்வி முடிந்தது.

நேர்மையின்மையா என்ற கேள்வியில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. 1994இல் லண்டனில் நடந்த ஜான் மெயின் கருத்தரங்கில் தலாய் லாமா சுவிசேஷப் பகுதிகளுக்கு உரை சொன்னார். மிகுந்த அன்போடு சொன்னார். அங்கேயே, இரண்டையும் ஒன்றாக்கப் பார்ப்பது ஆட்டின் உடலில் யாக் என்ற திபெத்திய மாட்டின் தலையை வைப்பது போல என்றும் சொல்லிவிட்டார். சிருஷ்டிகர்த்தா ஒருவர் உண்டு என்பதும், அப்படி ஒருவர் தேவையில்லை என்பதும் எங்கேயோ உச்சியில் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு அந்த உச்சி தெரியவில்லை. இரண்டையும் மனதார நேசிக்கிற மனிதன் அந்த முரணோடு வாழ்ந்துவிட்டுப் போகலாம். அதற்கு யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

இனி என்னைத் தொந்தரவு செய்த வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அது ஒரு துணைச் செய்தியாக வருகிறது. குழுவை நடத்திவந்த பெரியவர் உடம்பு சரியில்லாமல் இரண்டு மாதமாக வருவதில்லை. ஆகவே குழு தேய்கிறது. ஆகவே உங்களுக்கு வேறு சமூகம் வேண்டும். அவருக்கு என்ன நோய்? எழுதவில்லை. தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். நீங்கள் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். போயிருந்தால் என்னை மன்னியுங்கள். இல்லையென்றால் இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

நான் படித்துக்கொண்டிருந்த பகுதி இதுதான். புத்தரும் அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தரும் பிக்குகளின் இருப்பிடங்களைச் சுற்றிப் பார்த்து வருகிறார்கள். ஒரு பிக்கு வயிற்றுப்போக்கில் தன் மலத்திலும் மூத்திரத்திலும் கிடக்கிறார். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா என்று புத்தர் கேட்கிறார். இல்லை என்கிறார். ஏன் என்று கேட்டால், நான் யாருக்கும் எதுவும் செய்ததில்லை, அதனால் எனக்கும் யாரும் செய்வதில்லை என்கிறார். புத்தர் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற ஆனந்தர் கழுவுகிறார். பிறகு புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதன்பின் புத்தர் சங்கத்தை, பிக்குகளின் கூட்டத்தை, கூட்டிச் சொல்கிறார். உங்களுக்கு இங்கே தாயில்லை, தந்தையில்லை. நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்? எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குச் செய்யட்டும்.

அதோடு விடவில்லை. உபதேசம் உடனே விதியாகிறது. உபாத்தியாயர் இருந்தால் அவர் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆசாரியர், மாணவன் என்று வரிசை போகிறது. யாருமே இல்லாதவனை மொத்தச் சங்கமும் பார்க்க வேண்டும், தவறினால் குற்றம். பார்க்கக் கடினமான நோயாளி எப்படியிருப்பான் என்றுகூட ஒரு பட்டியல் இருக்கிறது. ஆகாததைச் செய்வான், அளவு தெரியாது, மருந்து சாப்பிட மாட்டான், தன் உபாதையை உள்ளபடி சொல்ல மாட்டான், வலி பொறுக்க மாட்டான். நோயாளியோடு ஒரு ராத்திரியாவது விழித்திருந்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும்.

இதன் பக்கத்தில் மத்தேயு 25ஆம் அதிகாரத்தை வைத்துப் பாருங்கள். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." எளியவர்களில் ஒருவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்கிறார் இயேசு. இரண்டு ஆசான்களும் தங்களை நோயாளியின் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். கிறிஸ்தவமும் பௌத்தமும் சந்திக்கும் புள்ளியைத் தேடி எல்லோரும் மௌனத்துக்கும் சூன்யத்துக்கும் போகிறார்கள். கிறிஸ்தவ மறைஞானி எக்கார்ட்டையும் பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கிறார்கள். படிக்கட்டும். இத்தனை தெளிவாக இரண்டும் ஒரே இடத்தில் நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்று. நீங்கள் கழற்றிப் போட்டுவிட்ட நித்திய அக்கினி வருவதும் அதே அதிகாரத்தில்தான், சில வரிகள் தள்ளி. அந்த அக்கினி யாருக்கு? தப்பான கோட்பாட்டை நம்பினவனுக்கு என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. பசித்தவனுக்குப் போடாதவனுக்கு, நோயாளியைப் போய்ப் பாராதவனுக்கு. முற்போக்குக் கிறிஸ்தவர்கள் நரகத்தை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான், எனக்கும் அதில் நம்பிக்கையில்லை. ஆனால் எடுக்கும்போது அதன் வாசலில் எழுதியிருந்த கேள்வியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

நான் சில காலம் ஒரு தியானக் குழுவுக்குப் போய்வந்தேன். அதிலும் உங்களவரைப் போல ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற ஆசிரியர், தனியாள். சபையை விட்டு விலகி புத்தரிடம் வந்தவர், விலகிய கதையைக் கேலியும் கிண்டலுமாகச் சொல்வார். புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை நடந்து வீட்டில் படுத்திருந்தார். குழுவில் அவருக்காக மைத்ரி தியானம், அதாவது அவர் நலம் வேண்டும் தியானம், செய்தோம். 'அவருடைய தனிமைக்கு மதிப்புக் கொடுப்போம்' என்றார் ஒருங்கிணைப்பாளர். எல்லோரும் கண்மூடித் தலையசைத்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது, நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அங்கே அவருடைய பழைய சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி தரையில் உட்கார்ந்து மூத்திரப் பையைக் காலிசெய்துகொண்டிருந்தார். குழாயை மூடி, அளவுக்கோப்பையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, ஒரு நோட்டில் நேரத்தையும் அளவையும் எழுதினார். இளஞ்சிவப்பாக இருக்கிறது, நேற்றைக்கு இன்று தேவலை என்றார் என்னிடம். பிறகு அவரைப் பார்த்து, "வாத்தியாரே, நீங்க மனந்திரும்பலேன்னா நரகம்தான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா தண்ணி குடிக்கணும், இந்தாங்க" என்று டம்ளரை நீட்டினார். அவர் சிரித்தபடி வாங்கிக் குடித்தார்.

அந்த அம்மாவின் இறையியலில் ஒரு வரிகூட எனக்கு ஒப்புதலில்லை. உங்களுக்கும் இருக்காது. நீங்கள் தேடும் சமூகத்தில் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சரி, அந்தச் சமூகத்தில் பையைக் காலிசெய்வது யார்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல சமூகம் என்று எதுவும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புத்தர் உயிரோடு இருக்கும்போதே கோசாம்பி நகரத்தில் பிக்குகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். கழிவறைச் செம்பில் மிச்சத் தண்ணீர் விட்டது குற்றமா இல்லையா என்பதில் தொடங்கியது என்கிறது பழைய விளக்கவுரை. புத்தர் சொல்லியும் கேட்கவில்லை. அவர் வெறுத்துப்போய்த் தனியாகப் பாரிலெய்யகக் காட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் ஊர்க்காரர்கள் பிச்சை போடுவதை நிறுத்தியதும்தான் பிக்குகளுக்குப் புத்தி வந்தது. கொரிந்துச் சபையில் கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியோடிருக்க ஒருவன் குடித்து வெறித்திருந்தான் என்று பவுல் திட்டுகிறார். பௌத்தர்கள் சரணம் போகும்போது புத்தம், தம்மம் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம், எவ்வளவு சௌகரியம்! மூன்றாவதாகச் சங்கத்தையும் சேர்த்தார்கள், கோசாம்பிக்காரர்களையும் சேர்த்துத்தான்.

இரு மதங்களையும் இணைத்தவர்கள் என்று பேசப்படுகிறவர்கள் யாரும் இணைப்புச் சமூகம் தேடிப் போனவர்கள் இல்லை. ஹியூகோ லசால் ஹிரோஷிமாவில் 1945இல் குண்டு விழுந்தபோது காயத்தோடு பிழைத்த ஏசு சபைப் பாதிரியார். பின்னாளில் தன்னைவிட ஒன்பது வயது இளையவரான யமதா கோஉனிடம் மாணவராக உட்கார்ந்தார். யமதா துறவி இல்லை, டோக்கியோவில் ஒரு மருத்துவமனையின் நிர்வாகத்தைப் பார்த்த குடும்பஸ்தர். பாதிரிகளும் கன்னியாஸ்திரீகளும் காமகுராவில் அவர் வீட்டு ஜெண்டோவுக்கு வந்தார்கள். அந்தக் கூரையின் விதிப்படி, முட்டி வலிக்க உட்கார்ந்தார்கள். அவர் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை, தன் முறையில் எதையும் அவர்களுக்காகத் தளர்த்தவும் இல்லை. லசால் 1990இல் சாகும்வரை பாதிரியாராகவே இருந்தார். உங்களுக்கோ சபையில் நரகம் உறுத்துகிறது, குழுவில் அவர்கள் நெளிவது உறுத்துகிறது. உறுத்தாத இடத்துக்குப் பெயர் சமூகமில்லை, வாசகர் வட்டம். அதை நான் இங்கேயே நடத்துகிறேன், உங்களுக்கு அதனால் என்ன ஆயிற்று?

ஆக, குழுவை விடாதீர்கள். நீங்கள் ஜெபிக்கிறவர் என்பதை மறைக்கவும் வேண்டாம். பெரியவர் வரும்வரை யாராவது கதவைத் திறந்து பாய் விரிக்க வேண்டும், அது நீங்களாக இருக்கலாம். ஞாயிறு காலை பழைய சபைக்கும் போங்கள், விசுவாசப் பிரமாணத்தில் தொண்டை அடைக்கும் வரிகள் வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர்களில் எத்தனை பேர் அதே வரியில் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

மகளின் ஞானஸ்நானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் 'எங்கள் மகள்' என்று ஓர் இடத்தில் வருகிறதே தவிர, உங்கள் மனைவி இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டியதில்லை.