ஓவியமா டிசைனா? முதலில் அந்தச் செம்பை வரையுங்கள்

கேள்வி: சிவகாசியில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ காமர்ஸ் படிக்கிறேன். அப்பா ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறார். எனக்குப் படம் நன்றாக வரும், நடிகர்கள் முகத்தைப் பென்சிலில் அப்படியே வரைவேன். ஓவியக் கல்லூரியில் சேர ஆசை. அதைப் படித்தால் சோற்றுக்கு என்ன வழி, ஆறு மாத டிசைன் கோர்ஸ் முடித்துவிட்டு இங்கேயே டிடிபி வேலைக்குப் போ என்கிறார் அப்பா. எங்கே சேரலாம்? டிசைன்தான் என்றால் எந்த லேப்டாப் வாங்க வேண்டும்?

பதில்: லேப்டாப்பைக் கடைசியில் பார்ப்போம், அவசரமே இல்லை. நடிகர் படங்களிலிருந்து ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் ஃபைல்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். போனில் ஒரு போட்டோ, அதன் மேல் கட்டம், தாளிலும் அதே கட்டம், ஒவ்வொரு கட்டமாக நகல் எடுத்து, கன்னத்தில் விரலால் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. பொறுமையும் கைச்சுத்தமும் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கஷ்டமான வேலையை கேமரா முன்பே முடித்துவிட்டது. எங்கிருந்து பார்ப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம், எதை விடுவது என்றெல்லாம் வேறு யாரோ தீர்மானித்தாகிவிட்டது. உருண்டையாக இருந்த முகம் தட்டையாகித்தான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஓவியக் கல்லூரியோ டிசைன் கல்லூரியோ, தேர்வு வைப்பவர்கள் பார்க்க நினைப்பது அந்தத் தீர்மானங்களைத்தான்.

இன்று சாயங்காலமே ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் இருக்கும் செம்பை எடுத்து மேஜையில் வையுங்கள், ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழட்டும், லைட்டை அணைத்துவிடுங்கள். போட்டோ எடுக்கக் கூடாது, ரப்பரும் கூடாது. முக்கால்வாசிப் பேர் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை நேர்க்கோடாக முடித்துவிடுவார்கள், மேஜை தட்டைதானே என்ற நினைப்பில். ஆனால் உங்கள் கண் செம்புக்கு மேலே இருக்கிறது. கண்ணுக்குக் கீழே இறங்க இறங்க வட்டம் விரியும், அதனால் அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும். அதைச் சரிசெய்த நிமிடமே செம்பு மேஜையில் உட்காரும், அதுவரை காற்றில் மிதந்துகொண்டிருக்கும். அப்புறம் நிழல். வயிற்றுப் பகுதியின் ஓரத்தில்தான் மிக இருட்டு என்று நினைப்போம், உற்றுப் பாருங்கள், ஓரத்துக்குச் சற்று உள்ளே இருட்டாகவும் ஓரத்தில் மேஜையிலிருந்து எதிரொளிக்கும் மங்கிய வெளிச்சமும் இருக்கும். இதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் நடிகர் முகமும் தானாக வரும். அந்த வழியில் போனவர்கள் உண்டு, முகத்திலிருந்து செம்புக்கு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கவில்லை.

சரி, எங்கே படிப்பது. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் ‘விஸ்காம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு படிப்புகளுக்கு ஓடுகிறது. கலை அறிவியல் கல்லூரிகளில் இருக்கும் பி.எஸ்சி. விஸ்காம் மூன்று வருடம். பெரும்பாலும் கேமரா, எடிட்டிங், விளம்பரம், சினிமா என்று மீடியா பக்கம் சாய்ந்தது, வரைவது அதில் ஒரு ஓரம்தான். கவின் கலைக் கல்லூரியில் இருக்கும் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன், பி.எஃப்.ஏ. என்ற கவின் கலை இளநிலைப் பட்டத்தில் ஒரு பிரிவு, நான்கு வருடம், அதற்கு அடிப்படையே வரைதல்தான். ‘விஸ்காம் கிடைத்தது’ என்று சந்தோஷமாகச் சேர்ந்துவிட்டு இரண்டாவது செமஸ்டரில் ‘இங்கே டிராயிங்கே இல்லையே’ என்று புலம்பியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். சேரும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ என்று எண்ணிப் பாருங்கள். கட்டடத்தையும் ஐமேக் லேபையும் காட்டுவார்கள், மயங்க வேண்டாம்.

உங்கள் நிலைமைக்கு நான் முதலில் சொல்வது சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்தது. ஓவியம், சிற்பம், சுடுமண், துகில், பதிப்போவியம், விஷுவல் கம்யூனிகேஷன் எல்லாம் ஒரே வளாகத்தில். கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, மரபுச் சிற்பமும் மரபு ஓவியமும்தான் வேண்டும் என்றால் மாமல்லபுரத்தில் அதற்கான அரசுக் கல்லூரி இருக்கிறது. காமர்ஸ் படித்தது தடையே இல்லை. பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி அறிவிப்பு வரும், கையால் வரைய வைக்கும் செய்முறை நுழைவுத் தேர்வு உண்டு. தனியார் டிசைன் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். நீங்கள் மாணவி, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால், 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயைப் பற்றியும் பள்ளியிலேயே விசாரித்து வையுங்கள். கலர் டியூபுக்காவது ஆகும்.

அரசுக் கல்லூரிகளின் குறையையும் சொல்லிவிடுகிறேன். யாரும் உங்களைத் துரத்தி வேலை வாங்க மாட்டார்கள். வராந்தாவில் அரட்டை அடித்தே நான்கு வருடத்தைக் கழிக்கவும் அங்கே இடம் உண்டு, சீனியர்களின் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு ஆயுளுக்கானதைக் கற்றுக்கொள்ளவும் இடம் உண்டு. கம்ப்யூட்டர் பக்கத்தைப் பெரும்பாலும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்னொரு வாசல் பி.டெஸ். என்ற டிசைன் இளநிலைப் பட்டம். ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் தேர்வு வழியாகச் சில ஐஐடிகளில் டிசைன் படிக்கலாம். வழக்கமாக அக்டோபர் வாக்கில் விண்ணப்பம், ஜனவரியில் தேர்வு. கேள்வித்தாள் ஆங்கிலத்தில், ஒரு பகுதி கம்ப்யூட்டரில், ஒரு பகுதி கையால் வரைவது. எந்தப் பிரிவில் படித்தவர்களும் எழுதலாம், ஆனால் சேர்க்கைக்கு ஒவ்வொரு ஐஐடியும் என்ன பாடம் கேட்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியும் அதன் பெயரில் ஆந்திராவின் அமராவதி உள்ளிட்ட ஊர்களில் பின்னால் வந்தவையும் தனித் தேர்வு நடத்துகின்றன. படிப்பு அருமை, செலவு லட்சங்களில். கல்விக்கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால் நான் அவசரப்பட மாட்டேன். பி.எஃப்.ஏ. முடித்துவிட்டு சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். என்ற முதுநிலை டிசைன் படிப்புக்குப் போகலாமே, அந்தக் கதவு அப்போதும் திறந்துதான் இருக்கும். 2010-ல் அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார் நம் ஊர்க்காரர்தான். சென்னையில் ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு, எம்.டெஸ்ஸுக்குத்தான் ஐஐடி மும்பை போனார்.

இப்போது அப்பாவின் கேள்வி. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, மெஷின் முன்னால் நின்று சம்பாதிக்கிற மனிதர் கேட்கும் நியாயமான கேள்வி அது. ஓவியத்தை மட்டும் விற்று மாத வாடகை கட்டுபவர்கள் மிகக் குறைவு, இதை எந்தக் கல்லூரி விளம்பரமும் சொல்லாது. ஆனால் ஓவியம் படித்தவர்கள் கையை வேறு வேலைக்குத் திருப்பிச் சாப்பிட்டிருக்கிறார்கள், எப்போதுமே. உங்கள் ஊர்க் கதையே இருக்கிறது. சிவகாசி காலண்டர் சாமி படங்களுக்கு ஒரு முகத்தையே கொடுத்த கொண்டையராஜு, சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நான் மேலே சொன்ன எழும்பூர் கல்லூரியின் பழைய பெயர்தான் அது. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு கோவில்பட்டி வந்து, அங்கேயே ஸ்டுடியோ போட்டு, சீடர்களை உருவாக்கினார். அந்தப் படங்கள் உங்கள் ஊர் மெஷின்களில்தான் அச்சாகி வீடு வீடாகப் போயின. அவர் செய்தது ஓவியமா டிசைனா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கோட்டோவியங்களுக்குப் பெயர் போன ஆதிமூலம் அதே பள்ளிதான். நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார், தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுத்து வரைந்தார். சென்னைக்கு அருகே ஓவியர்கள் சேர்ந்து அமைத்த சோழமண்டலம் கலைக் கிராமம் 1966-ல் உருவானபோது, அவர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் நிலத்துக்குப் பணம் சேர்த்தார்கள்.

ஆறு மாத கோர்ஸ் தப்பில்லை. அது பட்டன்களைச் சொல்லிக்கொடுக்கும், டிடிபி வேலைக்கு அது போதும். ஆனால் யாரோ எழுதிக் கொடுத்ததை அடித்துத் தருபவருக்கும், ‘இந்த மூன்று வரியில் ஒரு வரிதான் பெரிதாக இருக்க வேண்டும், மற்றதைக் குறையுங்கள்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடியவருக்கும் சம்பளத்தில் இருக்கும் தூரம் போகப் போகத்தான் தெரியும். கோர்ஸ் வேண்டுமானால் கோடை விடுமுறையில் முடித்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்ல பள்ளிக்கூடம் உங்கள் அப்பா வேலை பார்க்கும் இடம். இதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். படித்து முடித்த முதல் வருடம் ஒரு கல்யாணப் பத்திரிகை செய்தேன். ஸ்கிரீனில் கறுப்பு நல்ல அடர்த்தியாகத் தெரியட்டும் என்று, சின்ன எழுத்துக்கெல்லாம் சியான், மெஜந்தா, எல்லோ, பிளாக் நான்கையும் கலந்த கறுப்பைக் கொடுத்துவிட்டேன். நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் அது கறுப்பு. உட்காரவில்லை. மாப்பிள்ளையின் தாத்தா பெயரைச் சுற்றி ஒரு சிவப்பு நிழல், இன்னொரு பக்கம் நீலம், கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் இரட்டையாகவே தெரிந்தது. மெஷின்மேன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ‘பொடி எழுத்துக்கு ஒத்தைக் கறுப்பு போதும் தம்பி’ என்றார். நான்கு வருடத்தில் எனக்கு யாரும் சொல்லாத பாடம், விலை ஐநூறு பத்திரிகை. நீங்கள் இதை வீட்டுச் சாப்பாட்டோடு இலவசமாகக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு வேஸ்ட் ஷீட்டைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் இருக்கும் வண்ணப் பட்டைகளும் குறுக்குக் கோடுகளும் எதற்கு என்று அப்பாவிடமே கேளுங்கள். டிசைனுக்கு வெளியே ஏன் 3 மில்லிமீட்டர் நீட்டிவிட வேண்டும் என்றும் கேளுங்கள், கட்டிங் மெஷினில் கத்தி இறங்குவதைக் காட்டுவார்.

தமிழ் எழுத்தை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும், நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்துருவுக்கு உயிரைக் கொடுத்துவிட்டுத் தமிழுக்கு ஏதோ ஒன்றைப் போட்டு முடிக்கிறார்கள். தமிழ்ச் சொல் நீளமானது, எழுத்தும் அகலம், மேலே ‘கீ’ கொக்கியும் கீழே ‘கு’ சுழியும் நீட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே வைத்தால் மேல் வரியின் சுழி கீழ் வரியின் கொக்கியில் போய் இடிக்கும். இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் ‘கொ’ போட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறினால் பதறாதீர்கள், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றினால் சரியாகிவிடும். தமிழைச் சரியாக அடுக்கத் தெரிந்த டிசைனர் கிடைப்பது இன்றைக்கும் குதிரைக்கொம்புதான், இங்கே வேலை இருக்கிறது.

அதுவரை என்ன செய்வது? ஒரு நோட்டு. தினம் இரண்டு பக்கம். பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களை இரண்டிரண்டு நிமிடத்தில், முகம் வேண்டாம், நிற்கும் தோரணை மட்டும், எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். வீட்டில் பாத்திரம், செருப்புக் குவியல், மின்விசிறி. வாரத்தில் ஒரு நாள் நினைவிலிருந்து ஒரு காட்சி, சந்தை, மழை, அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் என்று பத்துப் பேராவது உள்ள படமாக. நுழைவுத் தேர்வில் இப்படிக் கற்பனைக் காட்சி கேட்டால் போட்டோ கைகொடுக்காது. நன்றாக வராத பக்கத்தைக் கிழிக்காதீர்கள். பத்து நல்ல படங்களைவிட, ஜூனில் கோணலாக இருந்த செம்பு டிசம்பரில் நேராகியிருப்பதைக் காட்டும் நோட்டை நான் விரும்பிப் பார்ப்பேன். நடிகர் படங்களில் ஒன்றே ஒன்றை வேண்டுமானால் கடைசியில் வையுங்கள்.

லேப்டாப். முதல் வருடம் முடியும்வரை வேண்டாம். அதற்குள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று தெரிந்துவிடும், பழகிப் பார்க்க பிரஸ்ஸில் இருக்கும் சிஸ்டமே போதும். வாங்கும்போது 16 ஜிபி ராம் இருக்கட்டும், நிறம் ஓரளவு உண்மையாகக் காட்டும் ஸ்கிரீனா என்று அப்பாவின் அச்சு ஷீட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. கிரிட்டா, இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், அதில் பழகுங்கள். இந்த மாதத்துக்கு கார்ட்ரிட்ஜ் தாள் என்ற கெட்டியான வரைதாள், 2பி, 4பி, 6பி பென்சில், ஒரு பெட்டி போஸ்டர் கலர், பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு அட்டையும் கிளிப்பும்.