பூவில் பதுங்கும் நண்டுச் சிலந்தி: வாசகர் கேள்விகள்

கே: பூச்செடிகள் நிறைய இருந்தும் ஒரு நண்டுச் சிலந்திகூடக் கண்ணில் படவில்லையே? (கோவை)

சிலந்தியைத் தேடாதீர்கள், இரையைத் தேடுங்கள். காலை 7 முதல் 9 மணிக்குள் பூக்களின் அருகே நில்லுங்கள். உங்கள் நிழல் பூமேல் விழக்கூடாது. கிட்டே போயும் பறக்காமல் ஒரு தேனீயோ பட்டாம்பூச்சியோ தலை சரிந்து கிடந்தால், அதன் கழுத்தருகே பாருங்கள். இதழின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள், சில சிலந்திகள் அங்கேதான் இருக்கும். இரையை மெல்லாமல் உறிஞ்சுவதால் பூச்சியின் வெற்றுடல் உடையாமல் கீழே விழும். இலைமேல் காய்ந்த ஈக்கள் கிடந்தால் நேர் மேலே உள்ள பூவைக் கவனியுங்கள். தினமும் பறித்துவிடும் மல்லிகையைவிட, நாலைந்து நாள் பூ நிற்கும் துலுக்கச் சாமந்தி, உண்ணிச்செடி போன்றவற்றில் வாய்ப்பு அதிகம். பூவைப் பறித்துப் பார்க்காதீர்கள்.

கே: இதன் வலை எங்கே இருக்கும்? (திருச்சி)

வலை கட்டாது. ஆனால் நூல் விடும். செடியை உலுக்கினால் நூலில் தொங்கி இறங்கிவிடும், அதனால் உலுக்காதீர்கள்.

கே: படம் இணைத்துள்ளேன். என்ன இனம்?

ஊர் இல்லை, தேதி இல்லை, செடியின் பெயர் இல்லை, படமும் கலங்கல். இதை வைத்து என்ன சொல்வது? வெள்ளை உடல், முன்னிரு ஜோடிக் கால்கள் நீளம், தலையின் இரு மூலையிலும் கொம்புபோல் மேடு, அதில் கண்கள் என்றால் தோமிசஸ் பேரினம் என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் இனம் பிரிக்க, முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அடுத்த முறை மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, செடி முழுதும் தெரிய ஒன்று என நான்கு படங்கள் அனுப்புங்கள்.

கே: வெள்ளைச் சிலந்தியை ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு மஞ்சள் சாமந்தியில் விட்டுப் படம் எடுத்தேன். ஒரு மணி நேரமாகியும் நிறம் மாறவில்லை. ஏன்? (சென்னை)

முதலில் அந்த ஃப்ரிட்ஜ் வேலையை நிறுத்துங்கள். இந்தப் பழக்கம் படமெடுப்பவர்களிடையே பரவி வருவது எனக்குப் பெரிய வருத்தம். குளிரில் விறைத்த சிலந்தி காலை மடக்கிக் கிடக்கும். முன்கால்களை விரித்துக் காத்திருக்கும் நிலை அந்தப் படத்தில் வராது. விறைப்பு தெளிவதற்குள் எறும்போ பல்லியோ கொண்டுபோய்விடும். முட்டை காக்கும் பெண்ணாக இருந்தால் அந்த முட்டைகளும் போச்சு. இன்னொரு கேடு, எந்தச் செடியில் எந்தச் சிலந்தி என்ற பதிவே பொய்யாகிவிடுகிறது. அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் அதே செடியில் தேடுவார்கள்.

நிற மாற்றம் பச்சோந்தி வேகத்தில் நடப்பதில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள மிசுமெனா வாட்டியா என்ற நண்டுச் சிலந்தி வெள்ளையிலிருந்து மஞ்சளாக 10 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், மீண்டும் வெளுக்க ஏறக்குறைய ஒரு வாரம். மஞ்சள் நிறமியைத் தோலில் புதிதாக உண்டாக்க வேண்டும், அதனால்தான் இந்தத் தாமதம். எல்லா இனமும் மாறாது, மாறுவதும் பெரும்பாலும் வளர்ந்த பெண் மட்டுமே.

பூவுக்கு நிறம் பொருந்துகிறதா என்று தீர்ப்பு சொல்ல நம் கண்ணும் போதாது. ஆஸ்திரேலியாவின் தோமிசஸ் ஸ்பெக்டாபிலிஸ் என்ற நண்டுச் சிலந்தி வெள்ளைப் பூவில் நமக்கு மறைந்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைக் காணும் தேனீக்கு அது பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சே தேனீயை இழுக்கிறது என்று 2003-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிலந்தி தேர்ந்த பூவிலேயே அதை விட்டுவிட்டு, நீங்கள் காத்திருங்கள். பூவைப் பறித்து வீட்டுக்குள் கொண்டுபோவதும் இதே குற்றம்தான்.

கே: பெரிய சிலந்தியின் முதுகில் குட்டி உட்கார்ந்திருக்கிறது. குஞ்சா? (மதுரை)

பெரும்பாலும் ஆண். பெண் 7 மி.மீ. என்றால் ஆண் 2, 3 மி.மீ.தான் இருக்கும். பழுப்பு நிறமும் மெலிந்த உடலும் அடையாளம்.

கே: மடித்த இலைக்குள் வயிறு சுருங்கி அசையாமல் இருக்கிறது. செத்துவிட்டதா?

முட்டைப்பையைக் காக்கிறது. இலையைப் பிரிக்காதீர்கள். குஞ்சு பொரியும்வரை சில வாரங்கள் இரையைப் பெரிதும் நாடாது.

கே: தேனீயைத் தின்கிறதே, மருந்து அடிக்கலாமா? கடித்தால் விஷமா? (ஈரோடு)

கூடாது. ஒரு சிலந்தி ஒரு தேனீயை மணிக்கணக்கில் உறிஞ்சும். நீங்கள் பூமேல் அடிக்கும் மருந்து ஒரே காலையில் வரும் தேனீக்களையெல்லாம் கொல்லும். விஷம் பூச்சிக்குத்தான், மனிதருக்கு ஆபத்தில்லை. அதற்காகக் கையில் எடுக்க வேண்டாம்.

கே: மாமரத்து முசுறுகளிடையே எட்டுக்கால் எறும்பு ஒன்றைப் பார்த்தேன். உண்மையா? (நாகர்கோவில்)

உண்மை, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். அமிசியா என்ற நண்டுச் சிலந்தி அது. வயிற்றின் பின்முனையில் உள்ள இரு கரும்புள்ளிகள் எறும்பின் கண்களைப் போலவே தெரியும். முன்கால்களை உணர்கொம்புபோல் ஆட்டும். தனித்துத் திரியும் முசுறைக் கடித்ததும், மற்றவை வருமுன் நூலில் கீழே இறங்கித் தொங்கியபடி உறிஞ்சும். கூட்டைத் தொடாமல், தாழ்ந்த கிளை நுனிகளுக்குக் கீழே தொங்கும் எறும்புகளைப் பாருங்கள்.